கொலாபாவில் எழுதிவைத்த இலக்கங்கள்

சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் வத்தேகமையில் மத்திய அலையிலே வானொலி கேட்போர் ஒன்றை நன்கறிவர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் முகில் கறுக்கும். இடிமுழக்கம் காதில் விழுமுன்னரே பெட்டி படபடவென்று பொரியத் தொடங்கும். பாட்டும் செய்தியும் அவ்விரைச்சலில் மூழ்கிவிடும். பெட்டியைத் தட்டிப் பார்ப்போரும் உண்டு. குற்றம் பெட்டியினுடையதன்று. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலி நிலையமே. மனிதன் ஒலிபரப்பக் கற்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பூமி இவ்வாறு ஒலிபரப்பி வந்திருக்கிறது.

முதல் உலகப் போரின்போது எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒற்றுக்கேட்க முனைந்த ஜெர்மானியரான பார்க்ஹவுசன், சீழ்க்கைபோல் உச்சத்திலிருந்து இறங்கும் ஒலியொன்றைக் கேட்டு, 1919இல் அதனைப் பற்றி எழுதினார். மின்னலிற் பிறந்த அலை பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு விண்வெளியினூடே மறு அரைக்கோளம்வரை செல்வதாலேயே அச்சீழ்க்கை எழுகிறது என்பதை 1953இல் ஸ்டோரி என்பவர் விளக்கினார். இலங்கை காந்த நடுக்கோட்டை அடுத்துக் கிடப்பதால் இங்கு சீழ்க்கை கேட்பது அரிது; பொரியும் ஒலியே இந்நாட்டவரின் பங்கு.

துருவ ஒளியும் இவ்வாறே வடபுலத்து மக்களின் சொத்தென்பர். ஆயினும் சூரியன் மிகச் சீறிய நாள்களில் அது வெப்பநாடுகளையும் எட்டியதுண்டு. அச்சீற்றத்தின் வரலாற்றில் நம்பத்தக்க சான்றொன்றைப் பாதுகாத்துத் தந்ததும் தென்னாசியாவே.

1859ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி. இங்கிலாந்திலே றிச்சர்ட் கரிங்டன் என்பார் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென வெள்ளொளி இரண்டு அப்புள்ளிகளிடையே தோன்றி ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் மறைந்தன. பதினேழரை மணி நேரங் கழித்துப் பூமியின் காந்தம் குலைந்தது. அமெரிக்காவில் போஸ்டன், போட்லண்ட் ஆகிய நகரங்களின் தந்திக் கந்தோர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானம் கம்பியிற் செலுத்திய மின்னைக் கொண்டே செய்தி பரிமாறின. கியூ ஆய்வகத்தில் தானே பதியும் கருவியோ தாளின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது. சீற்றத்தின் முழு அளவு அங்கு பதியாமற் போயிற்று.

பம்பாயில், 1826இல் நிறுவப்பட்ட கொலாபா ஆய்வகத்தில், அன்று ஊழியர் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதினர். வழமையாக மணிக்கொரு முறை பார்ப்பர். ஊசி அலையத் தொடங்கினால் கால்மணிக்கொரு முறையும் அதனினும் விரைவாகவும் பார்ப்பர். செப்டெம்பர் 2ஆந் திகதி முற்பகலில் காந்தவிசையின் கிடைக்கூறு சரிந்தது. வீழ்ச்சி ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா. சாதாரணக் காந்தப் புயலொன்றில் நூறளவு குறைந்தாலே பெரிது. கருவி பழுதென்று விட்டுவிடுதல் எளிதாயிருந்திருக்கும். அவர்கள் விடவில்லை. இலக்கங்கள் அச்சேறின, பின்னர் அலுமாரியில் உறங்கின. 2003இல் சுருதானி, லக்கினா முதலிய ஆய்வாளர் அவற்றை எடுத்துக் கணித்து, அப்புயலின் வலிமையை உலகுக்கு அறிவித்தனர். புயலுக்குக் கரிங்டனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இரவும் பகலும் ஊசியைக் காத்திருந்தோரை நினைப்பவர் அரியர்; இது நீதியென்று கொள்ள முடியவில்லை.

1872ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி இரவு பம்பாயின் வானத்திலேயே துருவ ஒளி தோன்றியது. ஏடனுக்குச் செல்லும் கடலடித் தந்திக் கம்பியும் கலக்கமுற்றது. வானத்துக்கு நிறமூட்டிய சீற்றமே கடலுக்கடியிற் கிடந்த கம்பியிலும் வேண்டா மின்னைப் பாய்ச்சியது.

சூரியனின் சீற்றத்துக்கு அசையாத கொலாபா, இறுதியில் மனிதன் ஓட்டிய டிராம் வண்டிக்கே வழிவிட நேர்ந்தது. மின்சார டிராம் காந்தமானியைக் குழப்புமாதலால் 1904இல் அலிபாக்கிற் புதிய நிலையம் அமைக்கப்பட்டது. ஈரிடத்து அளவுகளும் ஒத்துவருகின்றனவா என்று 1906வரை இரண்டிலும் ஒருங்கே குறித்துவந்தனர். அத்தகைய பொறுமை அக்காலத்தோரிடம் இருந்தது.

1989 மார்ச்சு மாதத்துப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. 2024 மே மாதத்தில் இன்னொன்று வந்தபோது, இலடாக்கின் ஹான்லே ஆய்வகத்துப் படக்கருவிகள் அடிவானில் செந்நிற ஒளியைப் பிடித்தன. அலிபாக்கிலோ காந்த அளவீடு இன்றும் நடைபெற்று வருகிறது.