தீயாத திரி

சுடர் இல்லாத ஒரு கருவிக்குள் திரி போய்ச் சேர்ந்த கதை சீனாவில் தொடங்குகிறது. மருந்தாளரான ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய மின்சிகரெட், நிகோட்டின் கலந்த திரவத்தை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாக்கியது. சில ஆண்டுகளில் அதிர்வு போய்ச் சூடு வந்தது. மெல்லிய மின்கம்பிச் சுருள், அதன் நடுவே திரவத்தில் ஊறிய ஒரு நார்க்கயிறு என்று கருவியின் வயிறு எளிமையானது. தொழிற்சாலை அடைத்துக் கொடுத்ததையே இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு சாரார், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூடியைத் திறந்து, சுருளைத் தாங்களே சுற்றி, திரியைத் தாங்களே கோக்கத் தொடங்கினார்கள். எதைத் திரியாக வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்தது. சிலிக்கா நூல், எஃகு வலை, பீங்கான் தண்டு, ரேயான், மூங்கில் நார் என்று பலவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் வந்து நின்ற இடம் பஞ்சு. ஆயிரம் பாகை வெப்பத்திலும் உருகாத சிலிக்காவைத் தள்ளிவிட்டு, தீக்குச்சி பட்டாலே பற்றிக்கொள்ளும் பஞ்சை ஏன் எடுத்தார்கள்? விளக்கின் நெடிய வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். திரிக்கு வேண்டிய முதல் குணம் நெருப்பைத் தாங்குவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு வேண்டியது, நெருப்பு தன்னை எட்டுவதற்குள் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வேகம்.

மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி விரிவுரையாற்றியபோது, ஒரு தட்டில் உப்பைத் தூணாகக் குவித்து, அடியில் நீலச் சாயமிட்ட உப்புநீரை ஊற்றிக் காட்டினார். இனி உப்பைக் கரைக்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே உப்பேறிய நீர் அது. நீலம் தூணில் மெல்ல மெல்ல ஏறி உச்சியைத் தொட்டது. திரி செய்வதும் அதுவே என்றார். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் திரவத்தை ஈர்க்கின்றன. மேலே எரிவது அந்தத் திரவத்தின் ஆவி. இந்த ஏற்றத்துக்கு 1918-இல் லூகாஸ், 1921-இல் வாஷ்பர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எழுதினார்கள். அதன்படி திரவம் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். திரவம் பிசுக்காக இருந்தால் இன்னும் தாமதமாகும். தமிழில் திரி என்ற சொல்லே முறுக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆனால் உள்ளங்கையில் பஞ்சை வைத்து உருட்டுகிறவர்களுக்கு முறுக்கின் அளவும் தெரியும். இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாது. தொளதொளவென்று விட்டால் திரி நிமிர்ந்து நிற்காது. கணக்கு எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கை கண்டுகொண்ட அறிவு அது.

தீப்பிடிக்காத திரியும் புதிதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி பௌசானியஸ், ஏதென்ஸ் நகரில் அதீனாவின் கோயிலில் இருந்த பொன் விளக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவும் பகலும் எரியும் அந்த விளக்குக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் எண்ணெய் ஊற்றுவார்களாம். அதன் திரி நெருப்பில் அழியாத ஒருவகை ‘ஆளி நார்’ என்கிறார். கல்நார் என்று நாம் அழைக்கும் ஆஸ்பெஸ்டாஸாகத்தான் அது இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படிப்பட்ட பொருள் கையில் இருந்தும் வீட்டு விளக்குகள் அதை நாடவில்லை. அது அரிய பொருள், விலை கட்டுப்படியாகாது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை இங்கிலாந்தின் ஏழைக் குடிசைகள் சொல்கின்றன. பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான கில்பர்ட் வைட் 1775-இல் எழுதிய கடிதம் ஒன்றில் கோரைத்தண்டு விளக்கை விவரிக்கிறார். கோரையின் தோலை உரித்து, உள்ளிருக்கும் சோற்றைத் தாங்குவதற்கு மட்டும் ஒரு கீற்றுத் தோலை விட்டுவைத்து, உருக்கிய கொழுப்பில் தோய்ப்பார்கள். இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள ஒரு தண்டு 57 நிமிடம் எரிந்ததாக அவர் நேரம் பார்த்துக் குறித்திருக்கிறார். காற்றில் காய்ந்தால் சருகாகும் அந்தச் சோறு, கொழுப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டதால் ஒரு மணி நேரம் வெளிச்சம் கொடுத்தது. பொருளின் வலிமையைவிட அதன் துளைகள்தான் அங்கே வேலை செய்தன.

எந்தத் துளை, எத்தனை நீளம் என்பதைத் தீர்மானிப்பது திரவம். ஜெனீவாவில் பிறந்த ஆர்கண்ட் 1780-இல் குழாய் வடிவப் பஞ்சுத் திரியை அமைத்து, உள்ளும் புறமும் காற்று பாயச் செய்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. ஆனால் அன்றைய தாவர எண்ணெயும் திமிங்கில எண்ணெயும் கெட்டியானவை. திரியை நம்பி அவற்றை உயரத்துக்கு ஏற்ற முடியாததால், எண்ணெய்க் கலத்தைப் பக்கவாட்டில் மேலே தூக்கி வைக்க வேண்டியிருந்தது. 1800-இல் பாரிஸில் கார்செல் என்பவர் கடிகாரப் பொறியால் இயங்கும் பம்பையே விளக்கின் அடியில் வைத்து எண்ணெயை மேலேற்றினார். 1850-களில் மண்ணெண்ணெய் வந்ததும் இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவையற்றுப் போயின. நீர்த்த எண்ணெய் தானாகவே ஏறியதால் கலம் கீழே இறங்கியது. அரிக்கேன் விளக்கில் நாம் திருகி ஏற்றும் நாடா போதுமானதாயிற்று. திரியின் பொருள் அப்போதும் பஞ்சுதான். மாறியது அதன் வழியே போன எண்ணெய். அதற்கேற்ப விளக்கின் உடலே மாறியது.

இதே நாடகம் மின்சிகரெட்டில் பத்தாண்டுக்குள் நடந்து முடிந்தது. அதன் திரவத்தில் முக்கியமானவை இரண்டு: 188 பாகை செல்சியஸில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைக்கால், 290 பாகையில் கொதிக்கும் கிளிசரின். அறை வெப்பத்தில் முன்னதைவிடப் பின்னது ஏறத்தாழ 20 மடங்கு பிசுக்கானது. தொடக்கக் காலத்துக் கருவிகளின் சிறிய சுருளுக்கும் நீர்த்த திரவத்துக்கும் மெல்லிய சிலிக்கா நூல் ஈடுகொடுத்தது. அடர்ந்த புகைக்காகக் கிளிசரினைக் கூட்டி, கம்பிக்கு மின்திறனையும் கூட்டியபோது அந்த நூல் திணறியது. எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கியவர்களுக்கு வேறு தொல்லை. சுருளின் மின்சாரம் வலைக்குள் பாய்ந்துவிடாதிருக்க, முதலில் வலையை நெருப்பில் பழுக்கக் காட்டி அதன் மேல் ஆக்சைடுப் படலம் ஏற்ற வேண்டும். படலம் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் அந்த இடம் மட்டும் செக்கச் சிவந்து கனலும். பஞ்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் செடியிலிருந்து பறித்த பஞ்சு நீரை ஏற்காது. அதன் இழை மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்கி உறிஞ்சும் பஞ்சாக்கும் தொழிலை 1870-களில் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் பவுல் ஹார்ட்மன், அறுவை மருத்துவர் விக்டர் ஃபான் புரூன்ஸின் முறையைக் கொண்டு நடத்தினார். புண்ணுக்குக் கட்டவென்று பிறந்த அந்தப் பஞ்சுதான் நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கம்பிச் சுருளுக்குள் நுழைந்தது. நுழைத்த விதத்திலும் பழைய கைப்பக்குவமே தெரிகிறது. முறுக்காமல் இழைகளை ஒரே போக்கில் சீவிவிட வேண்டும்; சுருள் வழியே இழுக்கும்போது பஞ்சு சற்றே உரச வேண்டும், ஆனால் சுருள் நெளியக் கூடாது; வெளியே தொங்கும் இரு வால்களையும் கோதி மெலிதாக்கி, திரவம் நடக்கும் தூரம் குறையும்படி குட்டையாக வெட்ட வேண்டும். லூகாஸும் வாஷ்பர்னும் எழுதிய கணக்கைக் கத்தரிக்கோலால் போட்டது போன்ற வேலை இது.

சிலிக்கா தோற்றது திறனில் அல்ல, மக்களின் பயத்தில்தான் என்று ஒரு மறுப்பு உண்டு. உடைந்த இழைத் துணுக்குகள் நுரையீரலுக்குள் போகுமோ என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது உண்மை. சிலிகோசிஸ் நோயை உண்டாக்குவது படிக வடிவச் சிலிக்கா. திரியில் இருந்தது படிகமற்றது. ஆகவே அந்த அச்சத்தின் ஒரு பகுதி பெயர்க் குழப்பத்தால் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அச்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அச்சத்துக்கு இடமில்லாத எஃகு வலை வென்றிருக்க வேண்டும். அதுவும் ஒதுங்கியது. பீங்கான் திரி இன்றும் பல கருவிகளில் இருக்கிறதே என்றால், அது தொழிற்சாலையில் துளையளவு பார்த்துச் சுட்டு எடுக்கப்படுவது. கையால் கோப்பவருக்கு அதில் வேலை இல்லை. பஞ்சின் வெற்றி, விரலால் கூட்டவும் குறைக்கவும் இடம்கொடுத்த ஒரு பொருளின் வெற்றி.

இதுவரை விளக்கும் மின்சிகரெட்டும் ஒரே வழியில் வந்தன. பிரியும் இடத்தைச் சொல்லாவிட்டால் இந்த வாதம் நேர்மையாகாது. விளக்குத் திரியின் நுனி கரியத்தான் செய்யும். அதைத் தூண்டிவிடுவது அன்றாட வேலை. தூண்டத் தேவையில்லாத விளக்கைத் ‘தூண்டா விளக்கு’ என்று தமிழ் தனிப்பெயர் சூட்டிப் போற்றியது. மெழுகுவர்த்தியில் அந்தக் குறையைத் தீர்த்தது பிரான்சில் கம்பாசெரே 1825-இல் கொண்டுவந்த பின்னல் திரி. பின்னலின் இழுப்பால் நுனி வளைந்து சுடருக்கு வெளியே தலைநீட்டி, அங்கே முழுதாக எரிந்து சாம்பலாகும். ஆக, விளக்கில் நல்ல திரி என்பது ஒழுங்காக அழியும் திரி. மின்சிகரெட்டில் அழிவுக்கே இடமில்லை, ஏனென்றால் கரியும் பஞ்சின் ஆவி நேராக மூச்சில் போகிறது. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில், உயர் மின்னழுத்தத்தில் இக்கருவிகளின் ஆவியில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் மிகுவதாக எழுதினார்கள். அதே ஆண்டு கிரேக்க இதயநோய் மருத்துவர் ஃபர்சலினோஸ் குழுவினர், அத்தகைய அளவுகள் திரி வறண்டு தீயும் நிலையில் வருபவை என்றும், பழகியவர்கள் அந்தக் காந்தல் சுவையை உடனே உணர்ந்து நிறுத்திவிடுவார்கள் என்றும் பதில் எழுதினார்கள். இந்தப் பதிலின்படி, திரவம் வந்து சேராத கணத்தில்தான் ஆபத்து ஏறுகிறது. ஆனால் நாக்கைக் காவல் வைப்பது போதுமான பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. திரி நிமிர்ந்து நிற்க நடுவே ஈயக் கம்பி வைத்த மெழுகுவர்த்திகளை அமெரிக்கா 2003-இல்தான் தடை செய்தது. அந்த ஈயம் காந்தவில்லை, கமறவுமில்லை. வீட்டுக் காற்றில் ஓசையில்லாமல் கலந்தது.

அப்படியானால் சுத்தமான பஞ்சு இந்தப் பழக்கத்தைச் சுத்தமாக்கிவிடுமா என்ற கேள்விக்கும் திரியின் வரலாறே பதில் சொல்கிறது. 2019-இல் அமெரிக்காவில் மின்சிகரெட் சார்ந்த நுரையீரல் நோய் வெடித்தது. 2020 பிப்ரவரிக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் பதிவானார்கள். அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் அந்த நோயுடன் வலுவாகத் தொடர்புடையது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டது. அங்கே திரி பழுதாகவில்லை. தனக்குக் கொடுத்ததைச் சொட்டு மிச்சமின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தியா அதே 2019-இல் மின்சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் சட்டத்தால் தடுத்தது. விளக்கின் காலத்திலும் இப்படித்தான். சோழர் கல்வெட்டுகள், அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய் என்று எழுதிவைத்தன. கணக்கில் முன்னே நிற்பது திரி அல்ல, நெய். விளக்குக்கு எது ஊற்றப்படுகிறது என்பதையே ஊர் கண்காணித்தது. நல்ல திரியைத் தேர்ந்தெடுக்கும் அறிவை மனிதக் கை பலமுறை கண்டடைந்துவிட்டது. அதில் ஊற்றுவது என்ன என்று கேட்பதுதான் அந்த அறிவின் மீதிப் பாதி.