உப்புக்காற்றில் ஒரு ஷட்டர் டிவி

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்டில். அன்றைக்கு டிவி என்றால் கறுப்பு வெள்ளைதான். மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு வேறு! தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டும். டயனோரா, சாலிடேர் என்று நம்மூர்த் தயாரிப்புகளே கொடி கட்டிப் பறந்தன. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. மரப்பெட்டிகள் மெல்லப் பரண் ஏறின.

அவற்றை இன்று இறக்கி, பழைய பாகங்களோடே ஓட வைக்க முடியுமா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் முதல் எதிரி உப்புக்காற்றுதான். உள்ளே படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். சேனல் திருப்பும் குமிழின் தொடுமுனைகள் கறுத்துப் போகும். பதினைந்தாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் பாயும் இ.எச்.டி. பக்கம் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் அழுக்கும் ஈரமும் சேர்ந்து மின்கசிவு நடக்கிறது என்று பொருள். நன்றாகத் துடைத்துக் காயவைத்தாலே பல நேரம் சத்தம் அடங்கிவிடும். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் மின்சாரம் தேங்கி நிற்கும். விஷயம் தெரியாமல் கை வைக்கவே கூடாது.)

அடுத்தது கண்டென்சர். பல வருஷம் தூங்கிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கலாம். வேரியாக் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், உள்ளே கரைந்துபோன ஆக்சைடு படலம் மறுபடி உருவாகிச் சில பிழைத்துக்கொள்ளும். உலர்ந்துபோனவை பிழைக்காது. அதற்காகப் பழைய டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் வயிற்றைக் காலி செய்து, உள்ளே புதுசைப் பொதிந்து வைப்பவர்கள் உண்டு. இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வது அநியாயம். கண்டென்சர், வண்டிக்கு டயர் மாதிரி. தேய்வதற்கென்றே இருப்பது.

படக்குழாய் கதை வேறு. 'டியூப் வீக்' ஆனால் ஹீட்டர் வோல்டேஜைச் சற்று கூட்டி பூஸ்ட் செய்வது மெக்கானிக்குகளின் பழைய வித்தை. படம் பளிச்சென்று வரும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளைத்தான் வேகமாகத் தின்கிறது. மாற்றுக் குழாய் கடையில் கிடைத்த காலத்தில் அந்த அவசரம் சரி. இப்போது மங்கலாகவே பார்த்துவிட்டுப் போகலாம்!

எல்லாம் சரியாகி ஆன் செய்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆண்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு சென்னையில் நின்றுவிட்டது. டிவிடி பிளேயரையோ செட்டாப் பாக்ஸையோ ஒரு மாடுலேட்டர் வழியாக ஆண்டெனா முனையில் கொடுத்து, பழைய குமிழைத் திருப்பி டியூன் செய்ய வேண்டும்.