நிழலை வெட்டி எறிதல்: போட்டோ வெக்டரான கதை

வெள்ளவத்தையில் காலி வீதி ஓரம் பத்து நிமிசம் நின்றால் ஒரு சேகுவேராவாவது கடந்து போவார். ஓட்டோவின் பின்பக்கத்தில், ஹெல்மெட்டில், யாரோ ஒரு பொடியனின் ரீசேர்ட்டில். அது போட்டோ இல்லை. போட்டோவில் இருந்து நிழல்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு மூன்று தட்டையான நிறங்களுக்குள் அடக்கிய முகம். இப்ப யூடியூப்பைப் பார்த்து ஒரு பின்னேரத்துக்குள் போட்டோஷொப்பில் செய்துவிடுகிற வேலைதான். ‘வெக்டர் ஆர்ட்’ எண்டு பெயர். ஆனால் இந்த வேலைக்கு கொம்பியூட்டரை விட வயசு கூட.

அந்த முகத்தின் மூலப்படம் 1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவில் எடுக்கப்பட்டது. முதல்நாள் துறைமுகத்தில் லா கூப்ர் என்ற கப்பல் வெடித்திருந்தது. செத்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த படம் அது. முழுப் படத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகமும், மறுபக்கம் ஓலைகளும் தெரியும். கோர்டா இரண்டையும் வெட்டிவிட்டார். அவர் வேலை செய்த பத்திரிகை அந்தப் படத்தைக் கூட்டச் செய்தியோடு போடவேயில்லை. 1967இல் சே கொல்லப்பட்ட பிறகுதான் அது உலகம் சுற்றத் தொடங்கியது.

1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பற்றிக் அதை எடுத்து, முகத்தைக் கறுப்பு வெள்ளை மட்டும் ஆக்கி, பின்னால் சிவப்பைப் போட்டு, தொப்பியில் இருக்கிற நட்சத்திரத்துக்கு மஞ்சள் பூசினார். கண்களையும் கொஞ்சம் மேலே உயர்த்தினார். உரிமைப் பணம் எதுவும் கேட்காமல் யாரும் அச்சடிக்கலாம் என்று விட்டார். இடையில் சாம்பல் நிறமே இல்லாததால் மலிவான அச்சிலும் முகம் குழம்பாது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு. எந்த ஊர் அச்சகத்துக்கும் அது காணும்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒண்டு இருக்கு. உண்மையான சே 1959 ஓகஸ்டில் இலங்கைக்கு வந்தவர். ஹொரணைப் பக்கம் யஹலகெலே தோட்டத்தில் ஒரு மஹோகனி மரமும் நட்டவர். அது கனபேருக்குத் தெரியாது. 1971 கிளர்ச்சியைச் சனம் சேகுவேராக் கலகம் என்றே பேசியது. மனிதர் வந்து போனது மறந்துபோய், பெயரும் இரண்டு நிற முகமும்தான் மிஞ்சின. 2000ஆம் ஆண்டு ஒரு வொட்கா விளம்பரத்தில் அந்தப் படத்தைப் பாவித்ததற்காகக் கோர்டா வழக்குப் போட்டு 50,000 டொலர் வாங்கி, அதைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்தார்.

போட்டோவில் இருந்து கோடு எடுக்கிற வேலை கொழும்பிலேயே 1930களில் நடந்திருக்கிறது. லயனல் வென்ட் என்றவுடன் எங்களுக்கு நாடக அரங்கம்தான் ஞாபகம் வரும். அந்த மனிதர் (1900–1944) பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் படப்பிடிப்பாளர். 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தின் பின்னால் நின்றவரும் அவர்தான். ‘சோலரைசேஷன்’ என்ற முறையை அவர் நிறையச் செய்து பார்த்தார். பாதி கழுவிய படத்தின் மேல் இருட்டறைக்குள் ஒரு கணம் வெளிச்சத்தை அடிப்பது. அப்போது சில நிறங்கள் தலைகீழாகும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில் தானாக ஒரு கோடு விழும். பரிஸில் மான் ரே செய்ததை, இங்கத்தைய உடம்புகளையும் முகங்களையும் வைத்து வென்ட் செய்தார். அவர் இறந்த பிறகு நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சினது கையால் போட்ட பிரதிகள்தான்.

பிறகு வந்த கொம்பியூட்டர்க் கோட்டின் தாய்வீடு காரக் கொம்பனி. பிரான்ஸில் சித்ரோன் கொம்பனியில் போல் த காஸ்ட்லஜோவும், றெனோ கொம்பனியில் பியர் பெஸியேயும் காரின் வளைவுகளைக் கணக்கால் எழுதுவதற்கு வழி தேடினார்கள். ஒரு வளைவை நாலு புள்ளியில் அடக்கலாம் என்ற அந்தக் கணக்குத்தான் 1987இல் வந்த இலஸ்ட்ரேட்டரின் ‘பென் ரூல்’ வரை வந்தது. 1990இல் போட்டோஷொப் வந்தது. வெக்டர் படத்தை நகத்தளவாக்கினாலும் பஸ் அளவாக்கினாலும் உடையாது, ஏனென்றால் அதற்குள் இருப்பது புள்ளிக்கூட்டம் இல்லை, வளைவுக் கணக்கு. ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினுக்கும் இதுதான் வேணும். அதன் கத்தி ஒரு கோட்டின் மேல்தான் ஓடும். சாம்பல் நிறத்தை அதால் வெட்ட ஏலாது.

சரி, போட்டோவைக் கோடாக்கும்போது எது போகிறது, எது நிற்கிறது? போட்டோஷொப்பில் ‘த்ரெஷோல்ட்’ போட்டால் 128 என்ற எண்ணோடு ஒரு பெட்டி திறக்கும். 0 கறுப்பு, 255 வெள்ளை. 128க்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பாகிவிடும். வெள்ளைக்காரர் முகத்தை அப்படியே போட்டால் மூக்கு, உதடு, கன்னம் எல்லாம் அழகாக வந்து நிற்கும். எங்கட நிறத்தில் உள்ள ஒருவரின் படத்தைப் போட்டால் முக்கால்வாசி முகம் மைக்குள் மூழ்கிவிடும். எண்ணைக் கீழே இறக்கினால்தான் ஆள் வெளியே வருவார். கனக்கப் பயிற்சி வீடியோக்களில் தோலுக்கு எடுக்கிற நிறமும் இளஞ்சிவப்புத்தான். மென்பொருள் இதில் ஒன்றும் தீர்மானிப்பதில்லை. எண்ணையும் நிறத்தையும் தெரிவது கை.

அந்தத் தெரிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பாரதியார் உதாரணம். அவருடைய போட்டோக்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், எல்லாம் கறுப்பு வெள்ளை. எங்கட மனதில் இருக்கிற வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டுப் பாரதி, ஆர்யா என்ற பாஷ்யம் தீட்டிய ஓவியத்தின் வழி வந்தவர். 1932இல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி இந்தியக் கொடியைக் கட்டினவரும் அதே ஆர்யாதான். 2019இல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் பாரதியின் முண்டாசு காவி நிறத்தில் வந்தது. பெரிய சர்ச்சை. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நிறமாக்குகிறவர் எந்த வாளியில் இருந்து நிறத்தை ஊற்றினாலும் அது ஒரு கூற்றுத்தான்.

அதனால்தான் எல்லா முகத்தையும் வெக்டர் ஆக்கக்கூடாது என்று எனக்குப் படுகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாமார் கையில் பிடித்திருக்கிற படங்களைக் கவனித்துப் பாருங்கோ. பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, பள்ளிக்கூடப் படம், கலியாண வீட்டுப் படம். பெருப்பித்ததில் புள்ளி புள்ளியாக உடைந்து, கண் எது புருவம் எது எண்டு தெரியாமல் போனதும் உண்டு. ஒரு பென் ரூலும் இரண்டு மணித்தியாலமும் இருந்தால் அதை ‘வடிவாக’ ஆக்கலாம்தான். அழகான போஸ்டராகவும் வரும்.

ஆனால் அந்தக் கலங்கல் படம், இன்ன நாளில் இந்த ஆள் ஒரு கமராவுக்கு முன்னால் இருந்தார் என்று சொல்கிறது. விளிம்பைச் சீராக்கினால் அந்தச் சாட்சி போய், யாரோ வரைந்த ஒரு முகம் மிஞ்சும். சேக்கு அது பிழையில்லை. அவர் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிற கேள்வியே அதுதான். அம்மாமாரின் சில படங்கள் குடும்பப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தவை. ஓரத்தில் இன்னொருவரின் தோளும், கழுத்தில் போட்ட மாலையின் பாதியும் அப்படியே இருக்கும்.