துணிப்பின்னல் கூடை

பழைய பருத்திப் புடவை, போர்வை போன்றவற்றை 3 முதல் 5 செ.மீ. அகலக் கீற்றுகளாகக் கிழித்து, மூன்று புரியாகச் சடை பின்னி, அச்சடையை வட்டமாகச் சுற்றித் தைத்துச் செய்யும் கூடை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வீடுகளில் கம்பளிக் கந்தல்களால் செய்த தரைவிரிப்புகளும் இம்முறையில் அமைந்தவையே. கீற்று தீரும்போது அடுத்ததை ஒட்டுத் தைத்துப் பின்னலைத் தொடர்வர். மூன்று புரிகளின் ஒட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே முடிச்சுபோல் புடைக்கும்.

நுட்பம் தையலின் இழுப்பில் உள்ளது. அடிப்பாகத்தில் சடையை இறுக்கினால் தட்டு கிண்ணமாகக் குழியும், தளர்த்தினால் அலையலையாக நெளியும். சுவர் எழுப்ப அந்த இறுக்கமே உதவுகிறது: அடித்தட்டு போதிய அளவானதும் சடையை விளிம்பின் மேலேற்றிச் சற்று இழுத்துத் தைப்பர். இயந்திரத்தில் ஜிக்ஜாக் தையல் விரைவு. கைத்தையலில் நூல் சடையின் மடிப்புகளுக்குள் மறைவதால் அதுவே அழகு.