பத்திக்கு வெளியே ஒரு வரி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1790ஆம் ஆண்டு முதன்முதலாக ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்றிருந்தவர் ராஜாங்க மந்திரி தாமஸ் ஜெஃபர்சன். குடும்பத் தலைவருக்கு மாத்திரமே பெயர் கொடுத்த அந்தக் கணக்கில் அடிமைகள் வெறும் தொகையாகவே நின்றார்கள். ஜெஃபர்சனுடைய மாண்டிசெல்லோ மாளிகையில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மக்களுக்கு அவரே பிதா என்ற பேச்சு, அவர் ஜனாதிபதியாக இருந்த 1802இலேயே பத்திரிகையில் அச்சேறிவிட்டது.

1826இல் காலமான ஜெஃபர்சன் தம் உயிலில் விடுதலை அளித்த ஐவரில் சாலியின் புத்திரர்களான மேடிசனும் எஸ்டனும் இருந்தனர். இவர்களுள் இளையவரான எஸ்டன், 1830ஆம் வருஷத்துக் கணக்கில் வர்ஜீனியாவில் வெள்ளையராகவும், 1850இல் ஒஹையோவில் கலப்பினத்தவராகவும் பதிவாகி, பிறகு விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து ஜெஃபர்சன் என்ற பெயரையும் சூடிக்கொண்டபின் மறுபடி வெள்ளையராகவே வாழ்ந்து மறைந்தார். ஒஹையோவிலேயே தங்கிவிட்ட மேடிசனின் வீட்டுக்கு 1870இல் வந்த கணக்கெடுப்பாளர், வயது, நிறம், தொழில் முதலிய பத்திகளை நிரப்பியதோடு அமையாமல், எந்தப் பத்தியும் கேளாத ஒரு வாக்கியத்தை அவர் பெயரருகே எழுதிவைத்தார்: இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று. மேடிசனும் 1873இல் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் தம் வரலாற்றைச் சொன்னார். ஆயினும், பழியை ஜெஃபர்சனின் மருமான்கள்மீது ஏற்றிய அவருடைய பேரமக்கள் வாக்கையே சரித்திராசிரியர்களிற் பலர் வெகுகாலம் வேதமாகக் கொண்டனர். மாளிகைவாசிகளின் சாட்சியம் என்றால் புலமைக்கும் ஒரு பட்சபாதம் உண்டு போலும்!

தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றி இறங்கிவரும் ஒய் குரோமோசோமைக் கொண்டு 1998இல் இவ்வழக்கு ஆராயப்பட்டது. ஜெஃபர்சனுக்கு முறையான ஆண்சந்ததி தழைக்காமையால், அவருடைய தந்தையின் சகோதரரான ஃபீல்ட் என்பவரின் ஆண்வழியினரிடம் இரத்தம் பெற்றார்கள். அது எஸ்டனின் ஆண்வழி வாரிசுடன் பொருந்தியது, மருமான்களின் வம்சத்தோடு பொருந்தவில்லை. ஆனால், பிதா அந்தக் குலத்து ஆடவருள் எவரென்று இரத்தம் சொல்லாது. சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பதையும் சேர்த்து நிறுத்தே, மாளிகையைப் பரிபாலிக்கும் ஸ்தாபனம் 2000ஆம் ஆண்டில் அவர் பிதாவாக இருப்பதற்கே சாத்தியம் மிகுதி என்று முடிவுக்கு வந்தது. இதே சோதனையில், சாலியின் மூத்த மகன் வழி வந்தவர்கள் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லிவந்த வுட்சன் குடும்பத்தார் பொருந்தவில்லை. மேடிசனின் கிளையிலோ சோதிப்பதற்கு ஆண்வழி வாரிசு இல்லை. கான்சாஸில் ராணுவத்தார் மயானத்தில் அடக்கமான அவர் மகனின் கல்லறையைத் தோண்டிப் பார்க்கலாம் என்று யோசனை எழுந்தபோது, சந்ததியார் அதற்கு இசையவில்லை.