கறுப்புத் திரையில் ஓடிய வெள்ளை வரிகள்

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி, அவரவர் தேவைக்கும் கைக்காசுக்கும் ஏற்றபடி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். பாகங்களைப் பூட்டக் கற்றது இந்தத் தொழிலில்தான். ஆனால் ஒரு மதர்போர்டு தன்னைப் பற்றி இயங்குதளத்திடம் என்ன சொல்கிறது என்பதை ஹேக்கின்டோஷ்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆப்பிள் தன் கணினிகளுக்கென்றே எழுதிய மேக் இயங்குதளத்தை, நாமே பூட்டிய பிசியில் ஏற்றி ஓடவைக்கும் வேலைக்கு அந்தப் பெயர். அது இப்போது முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் கதையைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பலரும் இது 2005இல் தொடங்கியது என்று நினைக்கிறார்கள். வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1992இலேயே ஆப்பிள், நோவெல் நிறுவனத்தோடு சேர்ந்து தன் அன்றைய இயங்குதளமான சிஸ்டம் 7ஐ இன்டெல் சிப்பில் ஓட்டிப் பார்த்தது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற ரகசியப் பெயரில் நடந்த அந்த முயற்சி கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் 1993 முதலே தன் இயங்குதளத்தைச் சாதாரண 486 பிசிகளுக்கும் விற்றது. 1996 டிசம்பரில் அந்த நிறுவனத்தை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் பிறந்தது நெக்ஸ்டின் இயங்குதளத்திலிருந்துதான். ஆகவே பிசி அதற்குப் பழகிய இடம்.

2005 ஜூன் 6 அன்று, மேக் இனி இன்டெல் சிப்புக்கு மாறும் என்று ஜாப்ஸ் அறிவித்தார். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு பதிப்பையும் இன்டெலுக்கும் சேர்த்தே தயாரித்து வந்ததாக அன்று அவரே சொன்னார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு 999 டாலருக்கு ஒரு சோதனைக் கணினியும் கொடுத்தார்கள். வெளியே பவர்மேக் கூடு, உள்ளே 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4. பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதிலிருந்த இயங்குதளம் கசிந்து, சில வாரங்களில் வெளியார் பிசிகளில் ஓடியது.

முதல் இன்டெல் ஐமேக் 2006 ஜனவரியில் வந்தபோது ஆப்பிள் பூட்டை இறுக்கியிருந்தது. ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்களை மறையாக்கம் செய்து, திறவுகோலை மேக்கின் உள்ளே மின்விசிறியையும் வெப்பத்தையும் கவனிக்கும் எஸ்எம்சி சிப்பில் வைத்தார்கள். அந்தத் திறவுகோல் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வேண்டுகோள்: எங்கள் கடின உழைப்பை இந்தச் சொற்கள் காக்கின்றன, தயவுசெய்து திருடாதீர்கள் என்று பொருள்படும். பொறியாளர்கள் சட்ட மிரட்டலை எழுதாமல் மனிதர்களைப் பார்த்துப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆரம்ப ஆண்டுகளில் எல்லோரும் செய்தது இயங்குதளத்தை வெட்டி ஒட்டுவது. இயங்குதளத்தின் மையமான கெர்னலையே மாற்றி, எல்லா வகை டிரைவரையும் திணித்து, கலிவே, ஐஅட்கோஸ் என்று பெயர் வைத்த டிவிடிகள் உலவின. போட்டால் ஓடும். ஆப்பிளிடமிருந்து அடுத்த அப்டேட் வந்ததும் படுத்துவிடும். ஏன் ஓடியது, ஏன் படுத்தது என்று போட்டவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை.

திருப்பம் 2008இல் வந்தது. இயங்குதளத்தை எழுப்பிவிடும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். ஆப்பிள் தானே வெளியிட்டிருந்த பூட்லோடரின் மூலநிரலை எடுத்து ஒருவர் திருத்தினார். இயங்குதளத்தில் கை வைக்காமல், அது எழுந்திருக்கும் முன் பிசிக்குத் தேவையானதை நினைவகத்தில் அடுக்கிவைக்கலாம் என்று அது காட்டியது. எஸ்எம்சி இல்லாத பிசியில் அது இருப்பதுபோல் பதில் சொல்ல ஒரு சிறு நிரல், மேக்கைத் துவக்கும் இஎஃப்ஐ இல்லாத, பழைய பயாஸ் உள்ள பிசியில் இஎஃப்ஐ போல் நடந்துகொள்ள இன்னொன்று. கமேலியன், பிறகு க்ளோவர், 2019இலிருந்து ஓபன்கோர் என்று பூட்லோடர்களாக வளர்ந்தது இந்தப் பாதைதான். இயங்குதளம் கேட்கும் கேள்விகளுக்குப் பிசி சரியாகப் பதில் சொன்னால் போதும், இயங்குதளத்தை உடைக்க வேண்டியதில்லை. இந்த அறிவுக்காகத்தான் இந்தக் கலையை நான் மதிக்கிறேன்.

கேள்விகளைப் பார்ப்பது எப்படி? ஆப்பிள் சின்னத்துக்குப் பதிலாக எல்லாச் செய்தியையும் திரையில் ஓடவிடும் வெர்போஸ் முறையில். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் விர்ரென்று ஓடி ஓர் இடத்தில் நிற்கும். கடைசி வரியை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார், அதற்கு மேலே நாலைந்து வரிகளைப் படிக்க வேண்டும். 'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்று நின்றால் கெர்னல் எழுந்துவிட்டது, தன் டிஸ்க்கைத்தான் காணவில்லை என்று பொருள். பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றுவோம், அல்லது பென்டிரைவை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றுவோம். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, எந்த இடத்தில் நின்றது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

மேக்கின் ஸ்னோ லெபர்ட் பதிப்பு வந்த 2009, 2010 காலத்தில், கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவரின் பிசியைப் பார்த்துக்கொடுத்தேன். ஃபைனல் கட் அருமையாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்யும்போதும் பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். மதர்போர்டு பேட்டரி புதிது. காரணம் டிஎஸ்டிடி என்ற அட்டவணைக்குள் இருந்தது. தன்னிடம் என்னென்ன உறுப்புகள் உண்டு, எந்த முகவரியில் உண்டு என்று மதர்போர்டு இயங்குதளத்துக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. கடிகாரத்துக்கு 4 போர்ட் என்று அதில் இருந்தது. அதை நம்பி மேக் எழுதியவற்றால் பயாஸின் கணக்குத் தவறி, அது எல்லாவற்றையும் அழித்துக்கொண்டது. பட்டியலைப் பிரித்து, 4 என்பதை 2 என்று திருத்தி, மறுபடி தொகுத்து பூட்லோடரிடம் கொடுத்தேன். பிரச்சினை நின்றுவிட்டது. அந்தத் திருத்தத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கோ முகம் தெரியாத ஒருவர் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட தாராள மனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காசு வாங்கிக்கொண்டு நான் இதைச் செய்ததில்லை. ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று உரிம ஒப்பந்தம் சொல்கிறது. நண்பர்களுக்குச் செய்தாலும் அதை மீறுவதுதான் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். விற்கத் துணிந்தவர்களின் கதி உலகறிந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008 ஏப்ரலில் 399 டாலருக்கு மேக் ஓடும் பிசியை விற்பதாக அறிவித்தது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப், பதிப்புரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. பலர் இலவசமாகக் கொடுத்த அறிவை எடுத்துக் கல்லா கட்டப் பார்த்தார்கள்.

பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பும் புதுப் பாடம் வைத்தது. 2015இன் எல் கேபிடன், ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட் என்று வரம்பு போட்டது. ஒரு யுஎஸ்பி 3 துளையே இரண்டாகக் கணக்கில் வரும் என்பதால், எதை வைப்பது எதை விடுவது என்று ஒவ்வொரு துளையாகப் பென்டிரைவைச் செருகிக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2018இன் மொஹாவேக்குப் புதிய என்விடியா கார்டுகளுக்கான டிரைவர் வராமலே போனது. நல்ல கார்டு வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றி ஏஎம்டி வாங்கினார்கள்.

2020 ஜூன் 22 அன்று ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறுவதாகச் சொன்னது. இந்த முறை தப்ப வழியில்லை. பதில் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம், சிப்பின் மொழியே வேறானால் என்ன செய்வது? 2025இல் வந்த டஹோதான் இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

ஆனாலும் ஓபன்கோர் வேறு ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆப்பிள் கைவிட்ட பழைய அசல் மேக்குகளில் புதிய பதிப்பை ஏற்ற, அதை வைத்தே ஓபன்கோர் லெகசி பேட்சர் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசிப் பதிப்பு 2019இன் கேட்டலினா. இந்தக் கருவியால் 2024இன் செக்வோயாவரை போகலாம். ஏற்றி முடித்ததும் கிராஃபிக்ஸுக்கும் வைஃபைக்கும் பழைய டிரைவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் திரை தடுமாறும், நெட் கிடைக்காது. ராமைக் கூட்டி ஒரு எஸ்எஸ்டியும் போட்டுக் கொடுத்தால், கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.