எடுப்பது எளிது, திருப்பித் தருவதே கடினம்

டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில் நம் ஊரில் "தட்டணு குறைந்துவிட்டதாம், ஏற்ற வேண்டுமாம்" என்ற பேச்சு அடிபடும். 2020-இல் கொரோனா வந்தபோது 'பிளாஸ்மா தானம்' என்ற சொல்லும் எல்லார் வாயிலும் புகுந்தது. இப்படித் தானம் செய்யப் போகிறவரை ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்க வைப்பார்கள். அது அவருடைய இரத்தத்தை எடுத்து, வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்த இயந்திரம் பிறந்த கதையை எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

நம் இரத்தத்தில் ஏறக்குறைய 55 விழுக்காடு பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் நீர். மீதி பெரும்பாலும் சிவப்பணுக்கள். அவை கனமானவை. உறையாமல் இருக்க மருந்து சேர்த்து ஒரு குப்பியில் வைத்தால், சிவப்பு மெல்ல அடியில் தங்கும், மஞ்சள் நீர் மேலே தெளிந்து நிற்கும். குப்பியை வேகமாகச் சுழற்றினால் அதே வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதை 1914-இல் உயிருள்ள உடம்பில் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஏபெல். அவரும் கூட்டாளிகளும் நாய்களின் இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை உப்பு நீரில் கலந்து மீண்டும் செலுத்தினார்கள். இதற்கு 'பிளாஸ்மாஃபெரிசிஸ்' என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் 'அஃபைரெசிஸ்' என்றால் எடுத்துவிடுதல். பெயரில் இருப்பது எடுப்பது மட்டுமே. ஆனால் அதன் பிறகு பொறியாளர்கள் பட்ட பாடெல்லாம் திருப்பிக் கொடுப்பதற்காகத்தான்.

மனிதர்களிடம் இதை முறையாகச் செய்தவர் பார்சிலோனா நகரத்து மருத்துவர் கிரிஃபோல்ஸ் லூகாஸ். 1951-இல் லிஸ்பன் மாநாட்டில் இதை விளக்கினார். முழு இரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் சிவப்பணு மெதுவாகத்தான் ஊறும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காத்திருப்பு மிகவும் குறையும் என்று அவர் காட்டினார்.

அந்தக் கைமுறையில் ஓர் ஆபத்து இருந்தது. குப்பியைக் கொடையாளியிடமிருந்து கழற்றி, சுழற்றும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய், பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டு, மீண்டும் கொண்டுவர வேண்டும். நான் அலுவலகத்தில் பல ஆண்டுகள் தபால் பிரிவைப் பார்த்தவன். வரவுப் பதிவேடும் அனுப்புகைப் பதிவேடும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஒருவருக்குப் போக வேண்டிய உறை இன்னொருவருக்குப் போவதுண்டு. உறை மாறினால் ஒரு குறிப்பு எழுதித் திரும்பப் பெறலாம். குப்பி மாறி வேறு வகை இரத்தம் ஏறினால் உயிரே போகும்.

ஆகவே கொடையாளியின் கையைவிட்டுக் குழாயைக் கழற்றாமலே வேலை முடிய வேண்டும். அதற்கு வழிகாட்டியது பால் பண்ணை. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. அன்றாடப் பொருள்களைப் பற்றியது. பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் 'எக்ரெமேஸ்' என்ற கருவியின் பெயரை நான் கற்றது அங்கேதான். 1878-இல் சுவீடன் நாட்டு குஸ்டாஃப் டி லாவால் உருவாக்கிய பிரிப்பான் அந்த வகைதான். ஹார்வர்டு பேராசிரியர் எட்வின் கோன் 1950-களின் தொடக்கத்தில் அந்த வகைக் கருவியை இரத்தத்துக்கு ஏற்றபடி மாற்றினார். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிக் கிருமி நீக்க வேண்டியிருந்தது. பிறகு ஆலன் லேதம் என்ற பொறியாளர், ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அவர் 1971-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஹீமோனெடிக்ஸ்.

இதற்கிடையில் 1962-இல் ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மகனுக்குச் சிகிச்சை நடந்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், அணுக்களைப் பிரிக்க மருத்துவர்கள் படும் சிரமத்தைத் தந்தை பார்த்தார். கழகத்து மருத்துவர் எமில் ஃபிரைரைக்குடன் சேர்ந்து, இரத்தம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே பிரியும் இயந்திரத்தை உருவாக்கினார். சிவப்பணு, வெள்ளையணு, பிளாஸ்மா மூன்றும் தனித்தனிக் குழாயில் வந்தன.

அவருக்கு முன் நின்ற பெரிய சிக்கல் இது: கிண்ணம் சுழல்கிறது, நோயாளியின் கை அசையாமல் இருக்கிறது. இரண்டையும் ஒரே குழாயால் இணைத்தால் அது கிணற்றுக் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். ஜட்சன் ஒன்றோடொன்று உரசிச் சுழலும் தகடுகளால் ஒரு மூட்டு அமைத்தார். ஆனாலும் உரசும் இடம் என்றாலே கசிவு பற்றிய கவலை உண்டு.

அந்த மூட்டே வேண்டாம் என்று வழி சொன்னவர் டேல் ஆடம்ஸ். அதற்கு அவர் 1971-இல் காப்புரிமை பெற்றார். நீங்களே செய்து பார்க்கலாம். உள்ளங்கையில் ஒரு தட்டை வையுங்கள். தட்டைக் கவிழ்க்காமல் அக்குளுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கை முறுக்கிக்கொள்ளும். அதே திசையில் தலைக்கு மேலாக இன்னொரு சுற்று, கை நேராகிவிடும்! தட்டு இரண்டு முறை சுற்றியும் முறுக்கு இல்லை. அதுபோல, கிண்ணம் இரண்டு சுற்றுச் சுற்றும்போது குழாய் வளைந்து ஒரு சுற்று வந்தால் போதும். 1975-இல் இட்டோவும் அவர் குழுவினரும் இந்த வழியில் பிளாஸ்மாவைப் பிரித்துக் காட்டினார்கள்.

இவ்வளவு கவனமும் எதற்கு என்பதைச் சீனாவின் ஹெனான் மாகாணம் சொல்லும். 1990-களில் அங்கே ஏழை விவசாயிகளிடம் பிளாஸ்மா வாங்கினார்கள். பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து சுழற்றி, எஞ்சிய சிவப்பணுவைப் பங்குபோட்டு ஏற்றினார்கள். ஒருவரிடம் இருந்த எச்.ஐ.வி. கிருமி எல்லாருக்கும் போனது. பல்லாயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். இதை வெளியில் கொண்டுவந்தவர் காவ் யாவ்ஜியே என்ற பெண் மருத்துவர். அப்போது அவர் ஓய்வு பெற்று, நம்மைப்போல வீட்டில் இருக்க வேண்டியவர்.

நம் வயதில் தானம் கொடுக்க நம்மை அழைக்கமாட்டார்கள். பேரப்பிள்ளைகளை அழைப்பார்கள். அவர்கள் போனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாயும் கிண்ணமும் அடங்கிய உறையை அவர்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்க வேண்டும். ஊசி ஏற்றியதிலிருந்து முடியும்வரை அந்தக் குழாய் அவர்கள் ஒருவருக்கு மட்டுமே இணைந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் பயமில்லாமல் கையை நீட்டலாம்.